அஞ்சு முத்திரை வாங்கின முயல்

ஒரு காட்டுல ஒரே ஒரு குளம். அதுவும் சித்திரை வெயில்ல பாதிக்குமேல வத்திப்போச்சு. போன வருஷம் ஒரு கிழட்டு எருமை தண்ணி குடிக்க இறங்கி, சேத்துல மாட்டி, ஏற முடியாம நாலு நாள் கத்துச்சு. சிங்க ராஜாவுக்கு மதியத் தூக்கமே போச்சு. சும்மா விடுவாரா? இந்த வருஷம் குளத்தச் சுத்தி முள்வேலி போட்டு, வாசல்ல ஒரு போர்டு: "உடம்பு ஃபிட்டா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தண்ணி!"

அஞ்சு கவுண்டர், அஞ்சு டெஸ்ட், அஞ்சு முத்திரை. மூச்சு வாங்காம மலையச் சுத்தி ஓடணும். தன் எடைக்குச் சமமா கல்லத் தூக்கணும். குப்புற கை கால ஊனி, வயித்த இறுக்கி, அது தரையில படாம, நூறு எண்ற வரைக்கும் அப்படியே நிக்கணும். ஒத்தக்கால்ல நிக்கணும். கடைசியா, வளைஞ்சு மூக்கால வாலத் தொடணும். ஒண்ணு குறைஞ்சாலும் உள்ள போற கார்டு கிடையாது.

மொத நாள் கூத்த பாக்கணுமே! யானை கல்லத் தூக்கிப் பந்தாடுச்சு. ஒத்தக்கால்ல நிக்கப் போயி, கவுண்டர் மேலயே சாஞ்சதுல, குமாஸ்தா குரங்கு மரத்துல ஏறித்தான் உசுரு பொழச்சுது. ஆமை வயித்து டெஸ்ட்ல அசத்திட்டு ஓட்டத்துக்குக் கிளம்புச்சு. சாயங்காலம் பாத்தா, இன்னும் போர்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. கொக்கு ஒத்தக்கால்ல நின்னபடியே தூங்கிருச்சு, கல்லப் பாத்ததும் அழுதுருச்சு. பாம்பு வளையறதுல முதல் மார்க். "ஒத்தக்கால்"னு குரங்கு சொன்னதும், "அதுக்கு நான் எங்கய்யா போவேன்?"னு படமெடுத்துருச்சு.

நம்ம முயல் சிட்டானுக்கு ஓட்டத்துல மட்டும் முத்திரை. நாக்கு காஞ்ச ஓலையாட்டம் கெடக்கு.

கொக்குதான் யோசனை சொல்லுச்சு. "நம்மள்ல ஒருத்தனாவது உள்ள போனாத்தான் ராஜாகிட்டப் பேசி இந்தச் சட்டத்த எடுக்க வைக்க முடியும். சிட்டானுக்கு இன்னும் நாலுதான் பாக்கி. ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் குடுப்போம்."

"சத்தியமா பேசுவியாடா?"ன்னு கேட்டுச்சு யானை.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க!" சிட்டான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினான். அப்ப அவன் மனசுல வேற எதுவும் இல்ல, நெசமாவே.

நாப்பது நாள். பாறை இடுக்குல கசியற தண்ணியில எல்லாருக்கும் ஒரு நக்கு, சிட்டானுக்கு மட்டும் மூணு.

"மூச்ச விட்டுக்கிட்டே தூக்குடா! கண்ண எதுக்கு மூடுற?" இது யானை.

"இடுப்பு தொங்குது தம்பி." இது ஆமை.

"உங்களுக்கு ஓடு இருக்குண்ணே, தொங்காது. எனக்கு என்ன இருக்கு?"

"தாகம் இருக்குல்ல? புடி."

பாம்பு கிட்டப் பயிற்சிதான் பெரிய கண்டம். "இன்னும் வளைடா. நடுங்காத. நான் இப்பத்தான் சாப்ட்டேன்."

நாப்பத்தோராம் நாள், டபார் டபார்னு அஞ்சு முத்திரையும் விழுந்துச்சு! யானை தும்பிக்கையத் தூக்கிப் பிளிற, கொக்கு மறுபடி அழ, சிட்டான் நெஞ்ச நிமித்திக்கிட்டு உள்ள போனான்.

தண்ணி! ஜில்லுனு, அல்லி வாசத்தோட. ஒரு வாய் குடிச்சான். காது நுனி வரைக்கும் குளிர்ந்துச்சு.

மரத்தடியில படுத்திருந்த ராஜா ஒரு கண்ணத் தொறந்தாரு. "அஞ்சுமா வாங்கிட்ட? எனக்கே ஒண்ணும் இல்லையேப்பா! சொல்லு, என்ன வேணும்?"

சிட்டான் வாயத் தொறந்தான். குளத்த ஒரு தடவ பாத்தான். எம்மாம் தண்ணி, ஒரு ஈ காக்கா இல்ல. யானை அண்ணன் ஒரு உறிஞ்சு உறிஞ்சினா, அந்தத் தண்ணி சிட்டானுக்கு ஒரு கோடைக்கே ஆகும். சொல்ல வந்தத முழுங்கிட்டு, இன்னொரு வாய் தண்ணி குடிச்சான்.

சாயங்காலம் வேலிக்கு உள்பக்கம், நல்லா தள்ளி நின்னுக்கிட்டான்.

"பேசினியாடா சிட்டா?" யானை வேலி மேல எட்டிக் கேட்டுச்சு.

"பேசினேண்ணே. ராஜா ரொம்ப அக்கறையா கேட்டாரு. ஆனா பாருங்க, இந்த அஞ்ச மட்டும் வச்சுக்கிட்டா பயிற்சி முழுசாகாதாம். ஆறாவதா ஒண்ணு சேத்திருக்கோம்."

"சேத்திருக்கோமா?" பாம்பு தலையத் தூக்குச்சு.

"ஓய்வு. உடம்புக்கு அது ரொம்ப முக்கியம். மூணு நாள் அசையாமப் படுக்கணும், தண்ணிய நெனைக்கவே கூடாது. ராஜா படுத்தபடியே பாஸ் பண்ணிட்டாரு! இதுல பாஸானதால மத்த அஞ்சும் அவருக்கு மட்டும் தள்ளுபடி."

"அப்ப நீ?"

"நான் இப்ப டெஸ்ட் எடுக்கற அதிகாரிண்ணே. எங்களுக்கு டெஸ்ட் கெடையாது."

யானை ஆத்திரத்துல ஒரு காலத் தூக்குச்சு, வேலியவே மிதிச்சுப்போடற மாதிரி.

சிட்டான் எட்டிப் பாத்து, நோட்டுல ஏதோ எழுதினான். "மூணு கால் தரையில இருக்குண்ணே. ஃபெயில். அடுத்த ஆளு!"

நீதி: ஓட்டம், பலம், வயித்துப் பிடிமானம், தடுமாறாம நிக்கறது, வளையறது, ஓய்வு, இதெல்லாம் சேந்தாத்தான் முழுமையான உடற்பயிற்சி. மறக்காம இன்னொண்ணும் பழகிக்கங்க: உள்ள போனதும் கதவச் சாத்தறதுக்குக் கையில நல்ல தெம்பு வேணும்.