நாலு விரல் மடங்கினால் காய்ச்சல்

குன்னூரில் கத்திக்குப் பயப்படாதவர்கள்கூட அவருக்குப் பயப்படுவார்கள். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவர் வார்டு பாய். ஐம்பத்தெட்டு வயதிலும் பாய்தான். நோயாளிகள் வைத்த பெயர், காய்ச்சல் ஜோசியர்.

சிறுநீரகக் கல்லுக்கு ஆப்பரேஷன் முடிந்து ஆள் வார்டுக்கு வந்ததும் கட்டிலோரம் வந்து நிற்பார். "ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?" ஒரு விரலை மடக்குவார். "யூரின் கல்ச்சர்ல கிருமி காட்டுச்சுங்களா?" இன்னொரு விரல். கல் பெரிதா, ஆப்பரேஷன் ரொம்ப நேரம் இழுத்ததா என்று கேட்டு மற்ற இரண்டு. நாலும் மடங்கினால், "பொழுது சாயறதுக்குள்ள காச்சல் வருமுங்க" என்று அறிவித்துவிட்டுப் பினாயில் வாளியோடு நகர்ந்துவிடுவார்.

மஞ்சூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர், "எனக்கு மூணு விரல்தானுங்களே?" என்று கெஞ்சினார்.

"நாலாவதும் பாதி மடங்கிருச்சுங்க" என்றார் ஜோசியர்.

பெரிய டாக்டர் அவரைக் கண்டபடி திட்டுவார். திட்டி முடித்ததும், "சரி, அந்த மூணாம் கட்டிலுக்கு எத்தனை விரல்?" என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வார்.

போன மார்கழியில் அருவங்காட்டிலிருந்து என் அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆப்பரேஷன் முடிந்தது. நாலு விரலும் மடங்கின.

"வாயைக் கழுவுங்க!" என்று கத்தினேன்.

"கழுவிக்கறனுங்க. நடுங்குனா மட்டும் உடனே சிஸ்டரைக் கூப்புடுங்க."

சாயங்காலம் அண்ணன் நடுங்கினார். மார்கழியில் இந்த மலையில் நடுங்காதவன் யார்? கம்பளி போர்த்தினேன். அதன்மேல் இன்னொன்று, என் ஸ்வெட்டர், குல்லா. சூடாக டீ வாங்கிவரக் கீழே வேறு போனேன், பாவி. ஒரு மணி நேரம் கழித்து ஜோசியர்தான் கம்பளிகளை உருவி எறிந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "சிஸ்டர்!" என்று அலறினார். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

பிணவறை வாசலில் தலையிலடித்துக்கொண்டு அழுதேன். ஜோசியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கம்பளி போத்தாம உட்டிருந்தாலும் இதேதாங்க ஆயிருக்கும்."

"நெசமாவா?"

"நெ... நெசமுங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காய்ச்சல் விஷயத்தில் அந்த மனுஷருக்குப் பொய்யே வராது. எனக்காகத் திக்கித் திக்கி ஒன்று சொன்னார். அதை நம்பித்தான் நான் இன்னும் சோறு தின்கிறேன்.