துவக்குக்குச் சந்தனப் பொட்டு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தவன், வந்த இடத்தில் துவக்குப் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தால் அவனை என்னவென்று சொல்வது? என் மனைவி அதற்கொரு சொல் வைத்திருக்கிறாள். அதை அச்சில் ஏற்ற முடியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு சின்னப் பட்டறை. முதலாளி ழீல், கேட்டு வருபவர்களுக்கு வேட்டைத் துவக்கு செய்து கொடுப்பவர். கடையில் விற்கும் தோட்டாவின் கழுத்தை நெரித்து, தோளைத் தள்ளி, தன் மனம்போல ஒரு புதுத் தோட்டா உருவாக்குவார். பிறகு அது ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்படி, துவக்குக்குள் தோட்டா உட்காரும் அறையைக் கடைவார். இந்த ரகத்துக்குக் 'காட்டுப்பூனை' என்று பெயர். (தொப்பியைத் தைத்துவிட்டு அதற்கேற்பத் தலையைச் செதுக்குவதாகத்தான் எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் பிரெஞ்சு வராது.)

இரும்புத்தூள் கூட்டுவதும் துவக்குப் பிடியின் மரத்துக்கு எண்ணெய் தேய்ப்பதும் என் வேலை. வேட்டைக் காலம் முடியட்டும், நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பார்ப்போம் என்றிருந்தார் ழீல். இல்லாவிட்டால் மறுபடி உணவகத்தில் கோப்பை கழுவவேண்டியதுதான். அந்த நினைப்பே எனக்குக் காய்ச்சல் வரவைத்தது.

அப்போதுதான் என் அறைத்தோழர், திருகோணமலைச் சிவம் அண்ணை குறுக்கிட்டார். "தம்பி, நாளைக்கு ஆயுத பூசை. தொழில் செய்யிற சாமானுக்குச் சந்தனம் வைக்காட்டி வேலை நிலைக்காது, சொல்லிப்போட்டன்."

டோர்வலில் விமான நிலையம் கூட்டும் அண்ணை தன் விளக்குமாற்றுக்கு வருடா வருடம் பொட்டு வைப்பவர். அவருடைய வேலை அசையாமல் இருந்தது. நம்பாமல் என்ன செய்வது?

மறுநாள் ழீல் சாப்பிடப் போன நேரம் பூசையைத் தொடங்கினேன். கடைசல் இயந்திரத்தின் முதுகில், அவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு பொட்டு. அடுத்தது பியர்பொன்ட்ஸ் பகுதி டாக்குத்தர் ஒருவருக்காகச் செய்த துவக்கு. பிடிக்குத் தேய்க்கிற எண்ணெயிலேயே சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகத் தேய்த்தேன். பக்கத்தில், அறை சரியா என்று போட்டுப் பார்க்கும் மருந்தில்லாத மாதிரித் தோட்டா கிடந்தது. அதை மட்டும் ஏன் விடுவது? தோளில் அதற்கும் ஒன்று வைத்தேன். பித்தளையும் சந்தனமும் ஒரே நிறம், யாருக்குத் தெரியப்போகிறது?

பின்னேரம் டாக்குத்தர் வந்தார். விடிந்தால் மூஸ் வேட்டை. (மூஸ் என்பது மாட்டை விடப் பெரிய மான்.) ழீல் மாதிரித் தோட்டாவைப் போட்டு, அறையை மூடும் பூட்டைத் தள்ளினார். மூடவில்லை. மறுபடி தள்ளினார். மூடவில்லை. மாதக்கணக்காகச் செய்த வேலையில் அறையைப் பிழையாகக் கடைந்துவிட்டேனோ என்று மனிதர் வெளுத்துப்போனார். கியூபெக்காரர் கோபம் வந்தால் தேவாலயத்துப் பூசைப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அன்று அவர் ஒரு பாத்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. டாக்குத்தர், வேறு துவக்கு இரவல் வாங்கட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

ழீலின் கண் கலங்கியதைக் கண்டதும் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோட்டாவைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினேன். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கை கூப்பினேன், மேலே காட்டினேன், நெற்றியைத் தொட்டேன். (எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.) துடைத்துப் போட்டதும் பூட்டு சொன்னபடி கேட்டது. டாக்குத்தர் சிரித்துக்கொண்டே துவக்கை வாங்கிப் போனார். ழீல் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்குத்தர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஒரு மூஸின் வாலைக்கூடக் காணவில்லையாம். அதற்கு மூக்கு மகா கூர்மை. வேட்டைக்குப் போகிறவர்கள் வாசனைச் சவர்க்காரம்கூடப் போடமாட்டார்கள். இவரோ அம்மன் தேர் போல மணந்துகொண்டு காட்டுக்குள் போயிருக்கிறார். மரத்தில் ஊறிய சந்தனம் எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் தயாராக நின்றேன். ழீல் பிடியை மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். வேலையை நிரந்தரமாக்கினார், ஒரு நிபந்தனையோடு.

"உன் கடவுளுக்கு விசேஷம் வருகிற நாளில் நீ இந்தப் பக்கம் வரக்கூடாது. சம்பளம் தருகிறேன்."

ஆயுத பூசைக்குச் சம்பளத்தோடு லீவு எடுத்த தமிழன் அன்றைய மொன்றியலில் நான் ஒருவன்தான். இன்றைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால், காரைத் திறந்து அதற்கும் பூசிவிடுவேன் என்று மனைவி கார்த் திறப்பை ஒளித்து வைக்கிறாள். வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு மகள் முழுக்கதையும் சொல்லி, கடைசியில் எனக்காகப் பரிந்தும் பேசுவாள்:

"அப்பான்ர பூசை பலிக்கேல்ல எண்டு சொல்லாதேங்கோ. மூஸுக்குப் பலிச்சதுதானே."