எலும்பில்லாத ஆடும் என் மகனின் முழங்காலும்

சாச்சாக்,
புனித நிக்கொலா திருநாளுக்கு மறுநாள்.

என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவனும், என் மகன் ஓக்னியெனின் ஞானத்தகப்பனுமாகிய சிகாகோ விதோயேக்கு, டைல்ஸ் கடை ரதிசாவ் எழுதுவது. நானும் என் பெண்டாட்டி யாகோதாவும் நலம், வியாபாரமும் நலம். உன் ரத்தக்கொதிப்பு அடங்கியிருந்தால் மேலே படி.

உன்மேல் எனக்குக் கோபம். ஊரில் ஞானத்தகப்பன்கள் எல்லாம் சைக்கிள் வாங்கித் தந்தபோது, நீ மட்டும் என் பையனுக்கு அமெரிக்காவின் பழைய ஊமைக் கார்ட்டூன் சுருள்களும், ஓட்டிக் காட்ட ஒரு புரொஜெக்டரும் அனுப்பினாய். அதில் எலும்பே இல்லாத ஒரு கறுப்பு ஆடு; மேலே ரயில் ஏறினால் காகிதமாய்த் தட்டையாகும், உதறிக்கொண்டு எழுந்து கூத்தாடும். அதைப் பார்த்துத்தான் கண் ஒரு பக்கம், பந்து மறு பக்கம் என்று கூடைப்பந்து எறியப் பழகினான். அந்த வித்தை அவனைச் சலோனிக்கா, இஸ்மிர் குழுக்களில் ஆடக் கொண்டுபோனது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதனுக்கு எலும்பு உண்டு என்பதை ஆடு சொல்லித்தரவில்லையே! இஸ்மிரில் கூடைக்குத் தாவி இறங்கினான், முழங்கால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு எந்தக் குழுவும் எட்டிப் பார்க்கவில்லை. அவனும் அறைக்குள் உன் ஆட்டோடு குடித்தனம் நடத்தினான்.

நான் சரக்கைத் தேங்கவிடுகிறவனா? விளிம்பு உடைந்த டைலையே அலமாரிக்கு அடியில் பதிக்கச் சொல்லி விற்றவன். நேற்று எங்கள் குடும்பப் புனிதரின் நாள். அன்று யாரையும் விருந்துக்கு அழைக்கக் கூடாது, வந்தவரைத் திருப்பியனுப்பவும் கூடாது, அதுதானே வழக்கம். ஆகவே நம்மூர்க் கூடைப்பந்துக் குழுவின் நிர்வாகத் தலைவர் ஸ்ரெதோயே காதில் விழும்படி மீன்கடையில், "இந்த வருஷம் எங்க வீட்டுக் கெண்டை கன்னுக்குட்டி மாதிரி இருக்கு!" என்று கத்தினேன். வந்துவிட்டார். மகன் பக்கத்தில் உட்காரவைத்தேன். "டேய், அவர் கிளம்புற வரைக்கும் எந்திரிக்காதே. நொண்டுறதைப் பாத்தா சோலி முடிஞ்சுது" என்று முன்பே எச்சரித்திருந்தேன்.

வீட்டுக்காரன் அன்று உட்காரக் கூடாதல்லவா, நான் விருந்தாளிகளுக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டு மேசைக்கும் சமையலறைக்கும் அலைந்தேன். திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு வாண்டுகள் கெஞ்சி, சுவரில் போர்வை கட்டி, உன் ஆடு ஓடுகிறது! அதன் முன்னால் என் இரண்டேகால் மீட்டர் மகனும் ஆடுகிறான்! முழங்கால் மடங்கி, ரொட்டித் தட்டோடு விழுந்தான். ஆட்டைப்போலவே உதறிக்கொண்டு எழுந்தான். வாண்டுகள் வீடே இடியக் கத்தின. ஸ்ரெதோயேவுக்குச் சிரிப்பில் மீன்முள் சிக்கி, நான்தான் முதுகில் குத்தினேன். போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த புட்டி எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் இருவரும் கைகுலுக்குகிறார்கள்!

"மூணு வருஷ ஒப்பந்தம், ரதிசாவ்! ஊத்துய்யா!" என்றார் ஸ்ரெதோயே.

"முழங்கால்...?"

"அட, முழங்காலைத் தூக்கிக் குப்பையில போடு!"

எப்பேர்ப்பட்ட விற்பனை பார்த்தாயா? ஜனவரியில் முதல் ஆட்டம். முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்துவிட்டேன், விமானம் ஏறு. புனித நிக்கொலா உன் வீட்டையும் உன் கொதிப்பையும் காக்கட்டும்.

உன் ரதிசாவ்

பி.கு.: விமானச்சீட்டு வாங்காதே. இதைப் படித்துவிட்டு ஓக்னியென் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "விளையாட இல்லப்பா. குழுவோட சின்னப் பசங்களுக்குச் சொல்லித்தர. நானேதான் கேட்டேன்." வீடு அதிரக் கத்தினேன். யாகோதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: "என்ன கத்துறே, ரதிசாவ்? நேத்து பூரா நீ நின்னு ஊத்திக்கிட்டிருந்தே. உக்காந்திருந்தவங்க பேசி முடிச்சுட்டாங்க."