கிராபிக்ஸ் கார்டுக்குக் காத்திருந்த கீரி

ஒரு காட்டில், கல்யாண வீடியோவுக்கு மிக்ஸிங் செய்து பிழைத்துவந்த கீரி ஒன்று இருந்தது. அந்தக் காட்டுக்கும் ராஜா உண்டு, மந்திரி உண்டு. இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லாததால் அவர்களைக் குகையிலேயே தூங்க விட்டுவிடுவோம். கீரியின் பெயர் தவசி. பெண்ணும் மாப்பிள்ளையும் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வருவது, செத்துப்போன தாத்தா மேகத்தில் நின்று அட்சதை போடுவது, இதிலெல்லாம் தவசியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

இந்த ஜாலங்களையெல்லாம் செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. தவசியிடம் இருந்தது ரொம்பப் பழசு. வேலையை ஆரம்பித்தால் அதன் விசிறி போடும் சத்தத்தில் பக்கத்துப் பொந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆவணி மாதத்தில் காட்டுப்பன்றி சன்னாசியின் மகள் கல்யாண வீடியோவுக்கு, தாலி கட்டும் இடத்தில் பூமாரி பொழிய வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கார்டு புகைந்து உயிரை விட்டது.

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமராவில் எடுத்ததெல்லாம் வேறொரு பெட்டியில் பத்திரமாக இருந்தது. புதுக் கார்டு வாங்கிச் செருகினால் மறுநாளே வேலை ஓடும்.

ஓடியே ஆக வேண்டிய வேலையும்கூட. பந்தியில் எங்கள் ஆட்களைக் கவனிக்கவே இல்லை என்று சம்பந்தி வீட்டார் கல்யாணத்தன்றே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே சன்னாசியின் மகளை அங்கே தினமும் குத்திக்கொண்டிருந்தார்களாம். தலை தீபாவளிக்கு அவர்கள் வரும்போது, யார் இலையில் எத்தனை முறை பாயசம் விழுந்தது என்று திரையில் போட்டுக் காட்டி அவர்கள் வாயை அடைப்பது என்று சன்னாசி முடிவு செய்திருந்தது. அதைத் தவசியிடம் வந்து பொறுமையாகவே சொன்னது.

“தம்பி, தீவாளிக்கு வீடியோ வரலைன்னா நான் சண்டைக்கெல்லாம் வர மாட்டேன். உன் கடை இருக்கிற எடத்துல கிழங்கு இருக்கான்னு கொஞ்சம் தோண்டிப் பாத்துட்டுப் போயிருவேன்.”

காட்டுப்பன்றி தோண்டிப் பார்த்த இடத்தில் பிறகு என்ன இருக்கும் என்று தவசிக்குத் தெரியும். குளம் இருக்கும்.

சன்னாசி கொடுத்த அட்வான்ஸ் நாற்பதாயிரம் கையில் இருந்தது. முயல் கடைக் கண்ணாடி அலமாரியில் இருந்த கார்டும் நாற்பதாயிரம்தான். போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தவசியின் மனைவி சந்தனமாரி பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. பாழாய்ப்போன தவசி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது செல்போனைத் திறந்து பார்த்தது.

செல்போனில் ஜெபஸ்டின் பேசிக்கொண்டிருந்தது. ஜெபஸ்டின் ஒரு கரிச்சான் குருவி. சந்தைக்கு வராத சாமான்களைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்று சேனல் நடத்திவந்தது. வந்துவிட்ட சாமானைப் பற்றிப் பேசினால் யாராவது வாங்கிப் பார்த்துவிட்டுத் திட்டுவார்கள் என்கிற அளவுக்கு அதற்கு விவரம் இருந்தது. அன்றைக்கு அது சொன்ன செய்தி, அக்கரையில் கார்டு செய்து விற்கும் யானை புது மாடல் ஒன்றைக் கொண்டுவரப் போகிறது. வேகம் இரண்டு மடங்கு, விலை அதே நாற்பதாயிரம். தகவல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, யானையின் முதுகில் தினமும் உட்காரும் உண்ணிக்கொக்கு சொன்னது என்று முடித்தது.

தவசி பையைக் கழற்றி ஆணியில் மாட்டியது. இன்றைக்கு நாற்பது கொடுத்துப் பழசை வாங்குகிறவன் மடையன் என்று மனைவிக்கு விளக்கியது. காடு முழுவதும் அன்று இதே விளக்கம்தான் நடந்தது. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுவதற்காகப் பணம் சேர்த்து வைத்திருந்த கரடியும் வாங்கப் போகவில்லை. முயல் கடையில் கார்டு மேல் தூசி படிந்தது.

புரட்டாசி பிறந்ததும் ஜெபஸ்டினின் குரல் கொஞ்சம் இறங்கியது. விலை அறுபதாகலாம் என்றது. அடுத்த வாரம் எண்பது என்றது. காரணமும் சொன்னது. கிழக்குக் காட்டில் ஆந்தை ஒன்று செயற்கை அறிவு தயாரிக்கும் ஆலை கட்டுகிறதாம்; கார்டுக்குள் வைக்க ஊரிலிருந்த மெமரி சிப்பையெல்லாம் அதுவே மொத்தமாக அள்ளிவிட்டதாம். அறிவுக்குப் பேர்போன ஆந்தைக்கே கைவசம் இருந்தது போதவில்லை என்றால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது என்று காடு கவலைப்பட்டது. கடைசியாக ஜெபஸ்டின் கறுப்புப் பின்னணி போட்டு, சோகமான வீணை வாசிக்க, ஒன்றேகால் லட்சம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

காட்டில் அன்று பல வீடுகளில் உலை கொதிக்கவில்லை. கரடி தேன் குடிப்பதை நிறுத்தியது. தவசி முயல் கடைக்கு ஓடியது. புதுசு ஒன்றேகால் என்றால் பழசு எழுபது என்று முயல் அன்று காலையில்தான் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தது. இனி இந்தத் தொழிலே வேண்டாம், பாம்பு பிடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று தவசி வீட்டுக்கு வந்து அழுதது. அதன் தாத்தாவோடு அந்தத் தொழில் போயிற்று. பாம்பைப் பார்த்தால் தவசிக்கு இப்போது குளிர் காய்ச்சல் வரும்.

ஐப்பசி முதல் வாரத்தில் யானை மேடை போட்டது. பின்னால் ஆறடிக்கு ஆறடி திரையில் அருவி ஒன்று கொட்டியது. புதுக் கார்டின் வேகம் இரண்டு மடங்கு என்று அறிவித்தது. எப்படி இரண்டு மடங்கு என்பது திரையின் கீழே எறும்பு மட்டும் படிக்கும் எழுத்தில் இருந்தது. ஒரு படத்தைக் கார்டு ஒழுங்காக வரையுமாம். அடுத்த படத்தை, இப்படித்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளுமாம். எறும்புகள் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதில்லை என்பதால் இது யார் காதிலும் விழவில்லை.

பிறகு யானை தும்பிக்கையைத் தாழ்த்தி, விலை எண்பதாயிரம் என்று சொன்னது.

காடு கொண்டாடியது. கரடி எதிரே நின்ற மானைத் தூக்கிச் சுற்றியது. யானைக்கு இரக்கம் இருக்கிறது, நம்மைக் கைவிடவில்லை என்று கிழட்டு நரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தவசி ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து, நாற்பத்தைந்தாயிரம் மிச்சம் என்று மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

சந்தனமாரி கையை உருவிக்கொண்டாள். “ஏங்க, நாப்பதுக்குக் கடையில இருந்தப்ப வேண்டாம்னீங்க. இப்ப எம்பதுக்குக் குதிக்கிறீங்க. கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட ஒரு லட்சம்னு ஆரம்பிச்சு, உங்களுக்காகத்தான் அறுபதுன்னு முடிப்பீங்களே, அதேதான இது?”

“அது யாவாரம். இது டெக்னாலஜி,” என்றது தவசி.

சொல்லிவிட்டதே தவிர, மனைவி கேட்டது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அந்தக் குடைச்சலோடு கடன் கேட்கப் போனது, கிடைக்கவில்லை. கடையில் போய்ப் பார்த்தால் கார்டும் இல்லை. வந்த கார்டையெல்லாம் எலிகள் முதல் நாளே வரிசையில் நின்று வாங்கிப் போய், வளைக்குள் வைத்து ஒன்றேகால் லட்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்தன. நான்தான் அப்போதே சொன்னேனே என்று ஜெபஸ்டின் தனி வீடியோ போட்டது. கடைசியில் தவசி கரடியிடம் போனது. எலியிடம் புதுசு வாங்கியிருந்த கரடி, தன் பழைய கார்டை நாற்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டது. ஆவணியில் முயல் கடையில் புத்தம் புதிதாக நாற்பதுக்கு இருந்த அதே மாடல்தான். இதில் கரடியின் முடியும் சேர்ந்திருந்தது.

கார்டைச் சுத்தம் செய்து செருகும்போது தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. தவசி சாப்பிடாமல்கூட உழைத்தது. தாலி கட்டும் இடமும் பந்தியும்தான் முடிந்தன. மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, வரவேற்பு, பாட்டுக் கச்சேரி எல்லாம் அப்படியே கிடந்தன. பாதி வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடை நிச்சயம் குளம்தான். தவசி யோசித்தது. பிறகு வெறுங்கையோடு சன்னாசி வீட்டுக்குப் போனது.

“அண்ணே, கார்டு எரிஞ்சதுல உங்க வீட்டுக் கல்யாணம் மொத்தமும் போச்சு.”

சன்னாசி பாயும் என்று எதிர்பார்த்து, தவசி ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தது. சன்னாசி பாயவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தது. என் பிள்ளை அந்த வீட்டில் இனி எப்படித் தலை நிமிரும் என்று அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. தவசி வெளியே வைத்திருந்த காலை உள்ளே எடுத்து வைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தது. கடை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் புழுதியோடு போய்ப் பென் டிரைவை நீட்டியது. ஒரு பொட்டுத் தூங்காமல் சாம்பலுக்குள்ளிருந்து மீட்டதாகவும், தாலியும் பந்தியும் மட்டும்தான் கிடைத்ததாகவும் சொன்னது. சன்னாசி தவசியை மார்போடு அணைத்துக்கொண்டது. பாக்கிப் பணத்தை எண்ணிப் பார்க்காமல் கொடுத்தது. அது போதாதென்று ஒரு மூட்டைச் சேப்பங்கிழங்கைத் தன் முதுகிலேயே சுமந்து வந்து கடையில் இறக்கியது.

தலை தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் பந்தியைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் மூன்றாவது முறையாகப் பாயசத்துக்கு இலையைத் தள்ளுவது பூமாரிக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தது. அதற்கப்புறம் யாரும் ஒன்றும் பேசவில்லை. சன்னாசியின் மகள் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். வரவேற்பு எங்கே, கச்சேரி எங்கே என்று மாப்பிள்ளை மட்டும் மெல்லக் கேட்டார்.

“மாப்ள, மொத்தமும் போயிருக்க வேண்டியது. அந்த மகராசன் தவசியாலதான் இவ்வளவாவது கெடச்சுது,” என்றது சன்னாசி. மாப்பிள்ளை எழுந்து நின்று, கீரி கடை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீதி: கையை வெட்டப் போகிறேன் என்று முதலிலேயே ஊரெல்லாம் சொல்லிவிடு; அப்புறம் ஒரு விரலை மட்டும் வெட்டினால், மிச்ச விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி உனக்கே போட்டுவிடுவார்கள்.