லெஸ் ஹேடனின் துப்பாக்கிக்கு மூன்று குறைகள்

உல்லாண்ட்ரா,
மேற்கு நியூ சவுத் வேல்ஸ்.

பழந்துப்பாக்கிச் சேகரிப்போர் சங்கச் சுற்றிதழின் ஆசிரியர் திரு. ரெக்ஸ் லம்லி அவர்களின் மேலான கவனத்துக்கு, சங்கத்தின் பழைய உறுப்பினன் மெர்வின் டகெட் பணிவுடன் எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி ஐவியும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். மனசார எழுதவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

சென்ற இதழில் ‘வாங்குமுன் பார்’ என்று தாங்கள் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழைய ராணுவத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும், ஆசையைக் காட்டவே கூடாது, விலை பேசுமுன் விற்பவர் காதில் விழும்படி மூன்று குறைகளாவது சொல்ல வேண்டும், குறை இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். நானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஐவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “அந்த ஆளு யார்கிட்டயோ நல்லா ஏமாந்திருக்கான், அதான் இப்படி எழுதறான்” என்றாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ஒரு பெண்பிள்ளையின் முகத்தில் விழிக்க முடியாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போக வேண்டியிருக்காது.

எங்கள் ஊரில் லெஸ் ஹேடன் என்று ஒருவர் இருந்தார். மழைக்கு முன்னால் இறந்துபோனார், தொண்டையில் புற்று. நல்ல மனிதர், ஆனால் வாழ்நாளில் எதையும் ஒழுங்காக வாங்கத் தெரியாதவர். அவர் வாங்கிய கிடாய் மலடு. அவர் தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர். அவர் வாங்கிய டிராக்டரை வீட்டுக்கு இழுத்து வர இன்னொரு டிராக்டர் தேவைப்பட்டது. ஊரில் யார் தலையிலாவது மிளகாய் அரைக்கப்பட்டால், ‘லெஸ்ஸாகிட்டியா?’ என்றுதான் கேட்போம். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் உருப்படியாக வாங்கியது ஒன்றே ஒன்று, இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் மறைந்திருந்து சுடும் வீரர்களுக்கென்று கனமான குழலும் தூரநோக்கியும் வைத்துத் தனியாகச் செய்த ஒரு த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். அதை அவர் ஒருநாளும் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பூட்டி வைப்பார். ஆஸ்பத்திரியில் பேச்சு நிற்பதற்குள் மனைவி நோரீனிடம் சொல்லியிருக்கிறார்: “கவலப்படாத. என் கல்லுக்கு அந்தத் துப்பாக்கி போதும். மீதிய வெச்சு நீ ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கிக்க.” கல் என்றால் கல்லறைக்கு வைக்கிற கல்.

லைசென்ஸ்காரர் செத்துப்போனதால் துப்பாக்கியை விற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்படைக்க வேண்டும் என்று போலீஸ் சார்ஜண்ட் டர்பின் நோரீனுக்குச் சொல்லிவிட்டார். நோரீன் எனக்கு போன் செய்தாள். போனால், சமையலறை மேஜையில் புதுத் துண்டு விரித்து, தொட்டிலில் குழந்தையைப் போடுவதுபோல் அதைக் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் டீயும், சூடாகப் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டியும். விலை ஒன்பதாயிரம் டாலர் என்றாள். நான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். ஐயா, என்ன சரக்கு! உடம்பிலும் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் முனை இரும்பிலும் ஒரே எண், ஒரு பாகமும் மாறவில்லை. தூரநோக்கியின் எண் மரக்கட்டையிலும் அடித்திருந்தது. குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. பன்னிரண்டாயிரம் கொடுத்தாலும் தகும். அந்த நேரத்தில்தான் தங்கள் கட்டுரை எனக்கு ஞாபகம் வந்தது.

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, “முனையில இருக்கற நம்பர் கொஞ்சம் புதுசா அடிச்ச மாதிரி தெரியுதே, நோரீன்” என்றேன். “அப்படின்னா?” “யாரோ பின்னால அடிச்சிருக்கலாம்.” அவள் எட்டரை என்பாள், நான் எட்டு என்பேன், அப்புறம் ஸ்கோன் சாப்பிடுவோம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் யோசித்துவிட்டு, “அப்ப ஒன்பது வாங்கினா உங்கள ஏமாத்தினதா ஆயிடும். ஆறு” என்றாள். நான் அசந்துபோனேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று குறை என்று எழுதியிருந்தீர்களே! கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்றேன். “மூணு” என்றாள். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு முடி விரிசல் இருக்கற மாதிரி இருக்கு. சுட்டா மூஞ்சியிலேயே வெடிச்சாலும் வெடிக்கும்” என்றேன். விரிசலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

நோரீன் டீ கெட்டிலைக் கீழே வைத்தாள். “ஒரு தடவயாவது சுட்டுக் காட்டுங்கன்னு அவர்கிட்ட கேப்பேன். சுட்டா வெல கொறஞ்சிடும்மான்னுவார். அப்ப இதையும் தப்பாத்தான் வாங்கிருக்காரா மனுஷன்?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் அவசர அவசரமாகப் பின்வாங்கினேன். “அவ்வளவு மோசமில்ல நோரீன், நான் எட்டாயிரம் தரேன்.”

“வெடிக்கறதுக்கு எட்டாயிரமா?”

“ஒன்பதே தரேன். நீங்க கேட்டது.”

“மெர்வ், செத்தது எம் புருஷன். எம் மூளை இல்ல. தர்மம் பண்ணணும்னா சர்ச் உண்டியல்ல போடுங்க.”

“பன்னிரண்டு!”

“எழுந்திரிங்க. டீ ஆறிப்போச்சு.”

கடைசியில் பழைய இரும்பு விலை என்று முந்நூறு டாலருக்கு ஒத்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு காசும் வாங்க மாட்டேன் என்றாள். சரி, காகிதத்தில் முந்நூறே இருக்கட்டும், பிறகு எப்படியாவது கல்லுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மறைமுகமாகக் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முழுக்க அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னால் பொய். வரும் வழியில் விசிலடித்தேன். ஐவி வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யார் குடிய கெடுத்துட்டு வர்ற?” என்று கேட்டாள்.

தங்களுக்குத் தெரியும், வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு வர வாரக்கணக்காகும். அதுவரை துப்பாக்கி விற்பவரிடமேதான் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நோரீன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மெர்வ் வாங்கிப்போய் ஒருநாள் புத்தி கெட்டுப்போய்ச் சுட்டு, அது வெடித்து, அவன் கண் போனால் அந்தப் பாவம் லெஸ்ஸின் தலையில்தானே விழும் என்று தோன்றியிருக்கிறது. என் கண்ணுக்காக, ஐயா, என் கண்ணுக்காக! துண்டில் சுற்றி எடுத்துப்போய் சார்ஜண்டிடம் கொடுத்துவிட்டாள். சேதி கேட்டு நான் வீட்டுச் செருப்போடு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

“பெரியவரே, துப்பாக்கிய ஒப்படைக்கற பொதுமன்னிப்புத் திட்டத்துல யார் எதக் கொடுத்தாலும் கேள்வி கேக்காம வாங்கிக்கணும். வாங்கினதத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது. நொறுக்கற மிஷினுக்குத்தான் போகும்” என்றார் சார்ஜண்ட்.

“அது பொக்கிஷம்யா!”

“அந்தம்மா வெடிகுண்டுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறாங்க. யாரோ விவரம் தெரிஞ்சவர் சொன்னாராம்.”

அரை மணி நேரம் கெஞ்சினேன். மியூசியத்துக்கு ஆகுமா என்று பார்க்கச் சிட்னியில் இருக்கும் போலீஸ் ஆயுத நிபுணருக்கு அனுப்புவதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராக நோரீன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றும் பொய், விலை குறைக்கச் சொன்ன பொய், லெஸ் வாங்கியது அசல் சரக்கு, நான்தான் அயோக்கியன் என்றேன். அவள் லெஸ்ஸின் சட்டைகளைப் பழைய துணிக்கடைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கல்லுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டாளாம். “ஒரு பலகை போதும் அவருக்கு. அதையும் தப்பான கடையிலதான் வாங்கச் சொல்லிருப்பார்” என்றாள். அவளுக்கு இரக்கப்பட்டு நான் கதை விடுகிறேன் என்றே நினைக்கிறாள். கல்லுக்கு நான் பணம் தருகிறேன் என்றதும் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் படி இறங்கும்போது மட்டும் சொன்னாள்: “நாப்பது வருஷம் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். இது ஒண்ணுதான் அவர் பக்கம் இருந்துச்சு. அவர் பைபிளுக்குப் பக்கத்துல அந்தச் சங்கப் புத்தகத்த வெச்சிருப்பார். அதுல போட்டாங்கன்னா நம்பறேன். உங்க வாய நம்ப மாட்டேன்.”

ஆகையால் ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையால் நேர்ந்த இந்தக் கேட்டுக்குப் பரிகாரமாக, இந்தக் கடிதத்தை அடுத்த இதழில் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும். லெஸ் ஹேடன் வாங்கிய துப்பாக்கி இந்த வட்டாரத்திலேயே முதல் தரம், எண்கள் அசல், கட்டை அசல், போல்ட்டில் விரிசல் என்பது வாங்க வந்தவனின் புளுகு என்று என் பெயர் போட்டே அச்சிடுங்கள். ஊர் சிரிக்கட்டும், இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். நோரீன் அதைப் படித்துவிட்டால் கல்லுக்குச் சம்மதிப்பாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் ஆண்டவன் நல்ல மழையும் நல்ல கண்பார்வையும் அருள்வாராக. ஐவி தன் வணக்கத்தைத் தெரிவிக்க மறுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் கட்டுரையை நம்பிய
மெர்வின் டகெட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சார்ஜண்ட் டர்பின் போன் செய்தார். சிட்னி நிபுணர் பார்த்துவிட்டாராம். முனை எண் பின்னால் அடித்தது. கட்டை தேய்த்தது. குழல் சாதாரணக் குழல், தூரநோக்கியை யாரோ தன் கொட்டகையில் வைத்துப் பொருத்தியிருக்கிறான். போல்ட்டில் முடி விரிசல், சுட்டிருந்தால் கண் போயிருக்குமாம். மியூசியத்துக்கு வேண்டாம் என்று நொறுக்கியும் ஆகிவிட்டது. நான் புளுகிய மூன்றும் அப்படியே அதில் இருந்திருக்கின்றன, இருபது வருஷமாகத் துப்பாக்கி பார்க்கிற என் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சார்ஜண்ட் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். ஆகவே மேலே துப்பாக்கியைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரிகூட உண்மையில்லை. இந்தப் பின்குறிப்பைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மற்றதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிடுங்கள்.