சர்க்கார் கொடுத்த கால்

பெட்டியைத் திறந்ததும் ஞானையன் முதலில் பார்த்தது பெருவிரலைத்தான். அது இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

"ஐயா, இது வலது காலாக்கும்" என்றான்.

நாகர்கோவிலில் திருவிதாங்கூர் சர்க்கார் வைத்திருந்த பட்டாளத்தார் சகாய ஆபீஸின் வராந்தா அது. சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும், திரும்பாதவர்களின் வீட்டாருக்கும் மாதச் சகாயம், வேலை, வைத்தியம் என்று வேண்டியதைச் செய்து கொடுக்க ஏற்பட்ட ஆபீஸ். குமாஸ்தா செல்வதாஸ் நல்ல மனுஷர். பெட்டிக்குள் கிடந்த மரக்காலை எட்டிப் பார்த்தார். பிறகு ஞானையனின் வேட்டிக்குக் கீழே பார்த்தார். இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வேய், உமக்குப் போனது எந்தக் காலு?"

"நீங்களே பாக்கியளே ஐயா."

"ரிக்கார்டுல வலதுன்னுல்லா இருக்கு. பட்டாளத்துல இருந்து வந்தது. அதைப் பாத்துத்தான் மதராசுக்கு எழுதினோம்."

"இடதுதான் ஐயா. இதைப் போயா மறந்திருவேன்?"

செல்வதாஸ் குரலைத் தாழ்த்தினார். "திருப்பி அனுப்பினா அடுத்தது எப்ப வரும்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சுசீந்திரத்துல நெல்லுக் கிட்டங்கி காவல் வேலை உமக்குன்னு வச்சிருக்கோம். ரெண்டு காலுல நிக்கவனுக்குத்தான் குடுக்கணும்னு சூப்பிரண்டு ஐயா சொல்லிப்போட்டாரு. மரக்காலுக்கு என்னவேய் இடதும் வலதும்? மாட்டிக்கிட்டு நடந்து பழகும்."

ஞானையனுக்கு அந்த வேலை வேண்டும். இவ்வளவு நாளும் குடும்பத்தை இழுத்தது அவன் மனைவி நேசம்மாள் நூலில் பூப்பூவாகப் பின்னி விற்ற ரேந்தை. இப்போது அவளுக்கு நூல் தெரிவதில்லை. போன மாதம் மிஷன் வீட்டு அம்மா ஒரு மேஜை விரிப்பைத் திருப்பித் தந்துவிட்டாள். பூவுக்கு நடுவில் ஓட்டை விழுந்திருந்ததாம்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேசம்மாள் நடந்தாள். ஊன்றுகோலோடு ஞானையன் பின்னால் போனான்.

அவன் மெசபொத்தேமியாச் சண்டையில் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டினவன். ஒருநாள் குண்டு விழுந்தது. கழுதை செத்தது. இவனுக்கு இரண்டு காலிலும் காயம். ஆற்றங்கரைக் கூடார ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தான். எந்தக் காலில் வலி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நெருப்பு. கண் விழித்தபோது இடது கால் இல்லை. வலது காலில் கட்டு இருந்தது. அது சீழ் வைத்து, வற்றி, மெல்ல ஆறியது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் குடும்ப ஜெபத்தில் ஒரு வரி தவறியதில்லை: "ஒரு காலை எடுத்து உயிரைக் காத்த டாக்டர் துரையை ஆசீர்வதியும், கர்த்தாவே."

ஞாயிற்றுக்கிழமை சர்க்கார் காலை மாட்டிக்கொண்டு வேதக்கோவிலுக்குப் புறப்பட்டான். இடது காலில் வலது பாதம். ஒவ்வொரு அடிக்கும் அது அவனை வலப்பக்கம் இழுத்தது. கோவில் நேரே இருந்தது. முக்கில் வலப்பக்கம் திரும்பினால் கள்ளுக்கடை. பிடித்து நிற்க ஒரு தூணும் இல்லாததால், கோவில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் அவன் கள்ளுக்கடைத் தட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தாமதமாக வந்த சபையார் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் உபதேசியார் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒருமுறைகூட ஞானையன் பக்கம் பார்க்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

"கோவிலுக்குன்னு எறங்கின மனுஷன் கள்ளுக்கடையில நின்னா நான் யாருக்க மூஞ்சியில முழிக்க?" என்றாள் நேசம்மாள்.

"நானா போனேன்? காலுல்லா கொண்டு போச்சு."

"யாருக்க காலு?"

"சர்க்காருக்க காலுட்டி."

மறுநாள் தங்கப்பன் ஆசாரியிடம் போனார்கள். கட்டிலுக்கும் பெட்டிக்கும் பலகைக்கும் கால் செய்த கை. இந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஒரு காரியமா அண்ணாச்சி? பெருவிரலு அந்தப் பக்கம் நிக்கு. கணுக்கால்ல அறுத்து, பாதத்தைத் திருப்பி வச்சு ஆணி அடிச்சா இந்தப் பக்கம் வந்திராதா?"

அறுத்தான். திருப்பினான். அடித்தான். பெருவிரல் சரியான பக்கம் வந்துவிட்டது. ஞானையன் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஆசாரியே, பெருவிரலு சரியாத்தான் நிக்கு" என்றான். "ஆனா குதிகாலுல்லா முன்னால நிக்கு."

தங்கப்பன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "அப்படி வருமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆணியைப் பிடுங்கிப் பழையபடி திருப்பப் பார்த்தபோது பாதம் இரண்டாகப் பிளந்தது. பிளவில் ஒரு பலாக் கட்டையை வைத்து அடித்தான். அதற்குப் பிறகு அதில் இடதும் இல்லை, வலதும் இல்லை. பாதமே இல்லை.

செல்வதாஸ் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சர்க்கார் சாமானுவேய்! என்னய்யா பண்ணி வச்சிருக்கீரு?" ஆனாலும் இரக்கப்பட்டார். வந்த கால் வழியில் உடைந்துவிட்டது, வேறு ஒன்று அனுப்பவும் என்று மதராசுக்கு எழுதினார். இடது கால் என்று தெளிவாகவே எழுதினார்.

மதராசில் இருந்தவர்கள் பட்டாளத்து ரிக்கார்டைப் பார்த்தார்கள். நாகர்கோவில் குமாஸ்தா கைதவறி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தார்கள். மழைக்காலம் முடியும்போது புதுக் கால் வந்தது. வலது கால்.

இந்த முறை விஷயம் சூப்பிரண்டு வரை போயிற்று. அவர் கோபப்படவில்லை. மேஜை மேல் இரண்டு கால்களையும் அடுத்தடுத்துக் கிடத்தி வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"செல்வதாஸ், ரெண்டு தடவையும் வலது காலுதான் வருது. பட்டாளத்து ரிக்கார்டுலயும் வலதுதான். அவங்களும் சரி, இவங்களும் சரி. அப்போ தப்பு காலுல இல்ல."

"பின்னே எதுல ஐயா?"

"ஆளுல." அவர் ஞானையனை நிமிர்ந்து பார்த்தார். "வலது காலு போன ஞானையன் வேற எவனோ. இங்க நிக்கது அவன் இல்ல. நீ யாருடே?"

"ஞானையன் ஐயா" என்றான். சொல்ல அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை ஏற்கெனவே தள்ளிவிட்டார்கள்.

அந்த மாதச் சகாயம் நின்றது. கிட்டங்கி வேலையும் நின்றது. ஆள் மாறாட்டம் என்று போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் சூப்பிரண்டு சொன்னார். பட்டாளத்தில் கூட இருந்த யாராவது வந்து அடையாளம் சொன்னால் ஒழிய.

செய்தி அவனுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்தது. கிணற்றடியில் நேசம்மாளைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏட்டி, உண்மையான ஞானையன் அங்கேயே செத்துட்டானாமே? அப்போ உனக்க வீட்டுல இருக்கது ஆருட்டி?"

"எனக்க மாப்பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

"சர்க்காருக்குத் தெரியலையே" என்றாள் ஒருத்தி.

உபதேசியார் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஆளு இவன்தான்னு எனக்குத் தெரியும் அம்மா. ஆனா இங்க இருந்து போகும்போது ரெண்டு காலும் இருந்துது. எது போச்சுன்னு நான் எப்படிச் சாட்சி சொல்ல? ஒரு தீர்ப்பு வரும்வரை ரெண்டு பேரும் திருவிருந்துல அப்பம் வாங்க வராம இருந்தா சபைக்கு நல்லது."

அவர் போனபின் இருவரும் கஞ்சியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏட்டி நேசம், ஒருவேளை நான் அங்கேயே செத்துப்போயிருப்பேனோ?"

"செத்தவனுக்கு இவ்வளவு பசிக்காது. குடியும்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடியுமுன் கன்னியாகுமரிக்கு நடந்தாள். அந்தக் கூடார ஆஸ்பத்திரியில் வேலைக்கிருந்த ததேயுஸ் என்ற கடற்கரைக்காரர் அங்கே ஒரு சத்திரத்தில் சோறு வடிக்கிறார் என்று மீன் கொண்டு வருகிறவள் சொல்லியிருந்தாள். நேசம்மாளுக்குத் தூரத்தில் இருப்பதும் சரியாகத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் போனாள்.

விஷயத்தைச் சொன்னதும் ததேயுஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "அவரு உயிரோட இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். வர மாட்டேன் என்று இரண்டுமுறை சொன்னார். நேசம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உலை கொதித்து வழிந்தது. கடைசியில் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாகர்கோவில் வரை அவளுக்கு முன்னாலேயே நடந்தார்.

ஆபீஸில் சூப்பிரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்வதாஸ் கதவோரம் நின்றார். உபதேசியாரும் வந்திருந்தார்.

"நீ ஆஸ்பத்திரியில என்ன வேலை பாத்தே?"

"அறுக்கும்போது ஆளைப் பிடிச்சுக்கிடுத வேலை ஐயா."

"இவனைத் தெரியுமா?"

ததேயுஸ் ஞானையனின் முகத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே பார்க்கவில்லை.

"தெரியும் ஐயா. கழுதைக்காரரு ஞானையன். காய்ச்சல்ல 'நேசம், நேசம்'னு கூப்பிட்டுக்கிட்டே கிடந்தாரு. நான்தான் தோளைப் பிடிச்சேன். இவரேதான்."

நேசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உபதேசியார் "தேவனுக்கு மகிமை" என்றார். ஞானையன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றான். தான் தானேதான் என்று தெரிந்துகொள்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ததேயுஸைக் கும்பிட்டான்.

சூப்பிரண்டு முகம்கூட இளகியது. "சரி. ஆளு சரியாப் போச்சு. அப்போ ரிக்கார்டு எழுதினவன்தான் தப்பு பண்ணியிருக்கான். செல்வதாஸ், வலதை அடிச்சு இடதுன்னு திருத்தும். சகாயத்தை விட்டுக் குடும். வேலையையும் குடுத்திரும்."

செல்வதாஸ் சந்தோஷமாகப் பேனாவை மையில் தோய்த்தார்.

ததேயுஸ் போகாமல் அங்கேயே நின்றார். துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ரிக்கார்டுல தப்பு இல்ல ஐயா. அண்ணைக்கு அறுக்கச் சொன்னது வலது காலைத்தான்."