சிங்காரத்தை முந்த வாங்கிய பல்சக்கரம்

சாவதற்குள் சிங்காரத்தை ஒரே ஒரு முறை முந்திவிட வேண்டும். என் இலட்சியம் அவ்வளவுதான். மற்ற இலட்சியங்கள் தேயிலைத் தோட்ட வேலையோடு ஓய்வு பெற்றுவிட்டன.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாரியம்மன் திருவிழாவன்று, வெள்ளை வேட்டி கட்டி என் குவாட்டில் மேடேறிக்கொண்டிருந்தேன். குவாட் என்றால் மண்பாதையில் ஏறுகிற நாலு சக்கர மோட்டார். அடுத்த லயத்து வீட்டுச் சிங்காரம் அவனுடைய குவாட்டில் வந்து, என்மேல் சேற்றை இறைத்து, முந்திப் போனான். சும்மா போனானா? திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

"மெதுவா வாங்கண்ணே, அவசரமில்ல!"

வேட்டியைப் பலமுறை வெளுத்தாயிற்று. அவனைத்தான் இன்னும் வெளுக்கவில்லை.

"இந்த வருஷத் திருவிழாவுக்குள்ள இஞ்சினை மாத்தியமைக்கப் போறேன்" என்றேன் மனைவி மோகனாவிடம். அவள் பள்ளத்துத் தோட்டத்திலிருந்து முட்டைக்கோசுக் கூடையை முதுகில் சுமந்து, லோரி நிற்கும் தார் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். தினமும் நான்கு நடை. குவாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்பாள். "இஞ்சினுக்கு இழுவை பத்தாது மோகனா" என்பேன். உண்மையில் சீட்டில் கோசு வாடை வரும்.

"செய்யுங்களேன்" என்றாள்.

அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் அவள் கேட்டவுடன் சரி சொன்னது அதுதான் முதல் தடவை.

ரிங்லெட் டவுனில் மெக்கானிக் லோகேஸ்வரனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கூடவே வந்தாள். அவன் சாமான்களைப் பரப்பினான்.

"அங்கிள், சத்தம் வேணும்னா புகைக்குழாய். இஞ்சினுக்கு மூச்சு வேணும்னா கார்புரேட்டர். இல்ல, பின்னாடி செயின் ஓடுற பல்சக்கரத்த மாத்தலாம். எல்லாத்தையும் போட்டா பழைய இஞ்சின் தாங்காதுலா. ரெண்டு எடுங்க."

"புகைக்குழாய் கண்டிப்பா வேணும். சிங்காரம் காது கிழியணும்."

"பல்சக்கரத்துல சின்னது, பெருசுன்னு ரெண்டு இருக்கே?" என்றாள் மோகனா.

"ஆமா ஆண்ட்டி. சின்னது போட்டா..."

"சின்னதே போதும்பா. இவரு வயசுக்குப் பெருசு தாங்காது. அதெல்லாம் சிங்காரம் மாதிரி ஆளுங்களுக்கு."

எனக்குச் சூடேறியது. என் இஞ்சின்கூட அவ்வளவு சீக்கிரம் சூடேறாது.

"பெருச மாட்டுடா!"

"அங்கிள், பெருசு போட்டா..."

"அதான் அங்கிள் சொல்லிட்டாருல்ல!" என்று மோகனா தன் பையிலிருந்து ஒரு ஸ்ட்ராபெர்ரியை எடுத்து அவன் வாயில் திணித்தாள். பாசம் என்று நினைத்தேன்.

திருவிழா வந்தது. சிங்காரம் பக்கத்தில் வந்து நின்றான். நான் விசையை அமுக்கினேன். எழும்பிய சத்தத்தில் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி நோயாளிகள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் மலை தாண்டிப் போனது. நான் போகவில்லை. சிங்காரம் முந்தினான். காவடியோடு நடந்து வந்தவர் முந்தினார். கடைசியில் மோகனாவும் நடந்தே வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்னடி இது, ஓடவே மாட்டேங்குது!"

"பெருசு நல்லா இழுக்கும். வேகமா ஓடாது. அந்தப் பையன் அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அங்க போறதுக்கு மொத நாளே அவனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். இழுவை பத்தலன்னுதானே இத்தன வருஷமா சொன்னீங்க? இப்பப் பத்துதுல்ல?"

இப்போது தினமும் காலையில் எட்டுக் கூடை கோசை மேடேற்றுகிறேன். நான்கு எங்களுடையது. மற்ற நான்கு சிங்காரத்தின் மனைவி பாஞ்சாலையுடையது. பாவம், அவளுக்கும் முதுகு வலியாம். மோகனா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சிங்காரம் வெறுங்குவாட்டில் என்னைத் தாண்டிப் போய், மேட்டில் நின்று கையாட்டுகிறான்.

"மெதுவா வாங்கண்ணே. கோசு நசுங்கிறப் போகுது!"